கல்லாப்பெட்டியின் பற்று

பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் எடுத்த பிள்ளை முதல் மாதத்திலேயே தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. கடையில் சரக்கு விற்று 500 ரூபாய் வந்தது. இதைக் குறிப்பேட்டில் எப்படிப் பதிவது? நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் கேட்டுவந்த சொல் ‘வரவு செலவு’. பணம் வந்தால் வரவு, போனால் செலவு. பாடநூலோ ரொக்கக் கணக்கைப் பற்று வைக்கச் சொல்கிறது, விற்பனைக் கணக்கை வரவு வைக்கச் சொல்கிறது. கைக்கு வந்த பணத்தைப் போய் ஏன் பற்று என்கிறோம்? ஆசிரியருக்கு நேரம் இருந்தால் விளக்குவார். இல்லையென்றால் “உள்ள வந்தா பற்று, வெளிய போனா வரவு, மனப்பாடம் பண்ணிக்கோ” என்பதோடு பாடம் நகர்ந்துவிடும். பிள்ளையும் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிடும்.

அதே பிள்ளை வீட்டுக்குத் திரும்பும் வழியில் உள்ள மளிகைக் கடையில் இதற்கான விடை ஒரு நோட்டில் இருக்கிறது. தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். மேலே பேர். ஒரு புறம் அந்த வீட்டார் எடுத்துப்போன அரிசி, எண்ணெய், சோப்பு. அது அவர்கள் பற்று. மறு புறம் சம்பள நாளில் அவர்கள் கொண்டுவந்து கொடுத்த பணம். அது அவர்கள் வரவு. பற்று என்றால் அந்த ஆள் பற்றிக்கொண்டது. வரவு என்றால் அந்த ஆளிடமிருந்து வந்தது. கணக்கு எப்போதும் ஓர் ஆளின் பேரில்தான் எழுதப்படுகிறது, அந்த ஆளின் பக்கத்திலிருந்துதான் பேசுகிறது. இது பிடிபட்டதும் கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளாக நினைத்துப் பார்க்கலாம். 500 ரூபாயைப் பெட்டி பற்றிக்கொண்டது, ஆகவே பெட்டியின் கணக்கில் அது பற்று. விற்பனை என்ற ஆள் அதைத் தந்தார், ஆகவே அவர் கணக்கில் வரவு. ‘பெறுபவர் பற்று, தருபவர் வரவு’ என்று வகுப்பில் ஒப்பிக்கப்படும் விதி இவ்வளவுதான். 1494இல் வெனிஸில் அச்சான லூக்கா பசியோலியின் நூலில் விளக்கப்பட்ட இரட்டைப் பதிவு முறை நம் தெருமுனை நோட்டுக்கு அந்நியமானதல்ல.

பாடநூலுக்கும் அந்த நோட்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பற்றியதே இந்தக் கட்டுரை. மேல்நிலைப் பள்ளியில் வணிகத்தையும் தொழிலையும் விருப்பப் பாடமாக வைக்கும் முயற்சி நமக்குப் புதிதல்ல. குறைந்தது நான்கு முறை நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பாடம் நல்ல நோக்கத்தோடுதான் எழுதப்பட்டது. ஒவ்வொரு முறையும் அந்த ‘விருப்பம்’ யாருடையது என்ற கேள்வியில் முயற்சி சிக்கிக்கொண்டது.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தை நாம் ஆத்திசூடியோடும் மணலில் எழுதிய அகரத்தோடும்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அங்கே எழுத்துக்கு நிகராக எண்ணும் ஆண்டது. எண்சுவடி வாய்ப்பாடாக ஓதப்பட்டது. முந்திரி என்றால் 320இல் ஒன்று, காணி என்றால் 80இல் ஒன்று, மா என்றால் 20இல் ஒன்று, மாகாணி என்றால் 16இல் ஒன்று. பின்னங்களைப் பின்னங்களோடு பெருக்கி வாயாலேயே விடை சொல்லும் பயிற்சி அது. நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் வட்டி போடவும் கூலி பிரிக்கவும் தேவையான கணக்கு. இன்றைய சொல்லில் சொன்னால் அது முழுக்க முழுக்க ஒரு வணிகப் பாடத்திட்டம். திண்ணையில் யார் உட்காரலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சியை நினைத்துப் பெருமைப்படும்போது இதை விட்டுவிடக் கூடாது. நாட்டுக்கோட்டை நகரத்தார் தங்கள் பிள்ளைகளைப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பெட்டியடிப் பையனாக (கடைநிலைப் பயிற்சியாளாக) அனுப்பி, படிப்படியாக அடுத்தாளாக (முகவருக்கு உதவியாளராக) உயர்த்திப் பழக்கிய முறையும் இதன் நீட்சிதான். அங்கும் பயிற்சி அருமையானது, கதவு குறுகியது.

ஆங்கிலேயர் காலத்தில் 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழு முதன்முதலாக ஒரு யோசனை சொன்னது. உயர்நிலைப் பள்ளியின் மேல் வகுப்புகளில் இரண்டு பாதைகள் இருக்கட்டும்: ஒன்று பல்கலைக்கழக நுழைவுக்கு, மற்றொன்று வணிகத்துக்கும் கைத்தொழிலுக்கும். நான்கு ஆண்டு கழித்து, 1886இல், சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையினர் வணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். இந்தியாவில் வணிகக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வணிகத்தில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக இருந்து செல்வம் சேர்த்த ஒருவரின் அறப்பணத்தில் அந்தப் பள்ளி எழுந்தது பொருத்தமானதே. ஹண்டர் சொன்ன இரண்டாம் பாதையில் மட்டும் ஆள் நடக்கவில்லை. சர்க்கார் உத்தியோகத்துக்கு மெட்ரிக்குலேஷன் தேர்ச்சிதான் சாவியாக இருந்தது. சாவி தராத பாதையில் எந்தத் தகப்பன் பிள்ளையை அனுப்புவான்? அன்றைய குடும்பத்தார் தொழிலை வெறுத்தார்கள் என்று பின்னால் பலர் எழுதினார்கள். அந்தக் குடும்பத்தார் சரியாகவே கணக்குப் போட்டார்கள் என்பதே என் எண்ணம்.

1953ஆம் ஆண்டில் சென்னையில் நடந்ததைத் தனியாகப் பேசியாக வேண்டும். அந்த ஆண்டு ஒரே நகரத்திலிருந்து கல்வியைப் பற்றி இரண்டு யோசனைகள் எழுந்தன. ஒன்று, முதலமைச்சர் ராஜாஜியின் மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம். கிராமப்புறப் பள்ளிகளில் வகுப்பு நேரம் நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறையும். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகுவார்கள். எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘குலக்கல்வித் திட்டம்’. அந்தப் பெயரே அதன் மேல் எழுதப்பட்ட தீர்ப்பாகிவிட்டது. பெரியார் எதிர்த்தார். தி.மு.க. தன் மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனையை இதற்கு எதிராகத் திருப்பியது. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார், சில வாரங்களில் திட்டம் கைவிடப்பட்டது.

மற்றொன்று, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் மத்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவின் அறிக்கை. அது பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. கலைப் பாடங்கள், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என்று ஏழு பிரிவுகள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான மையப் பாடங்கள் இருக்கும், அதற்கு மேல் அவரவர் விருப்பப் பிரிவு. எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நின்று கவனிக்க வேண்டும். ராஜாஜியின் திட்டத்தில் பிள்ளை என்ன தொழில் கற்கும் என்பது அது பிறந்த வீட்டிலேயே முடிவாகிவிட்டது. முதலியாரின் திட்டத்தில் வண்ணார் வீட்டுப் பிள்ளை கணக்கெழுதப் படிக்கலாம், வக்கீல் வீட்டுப் பிள்ளை விவசாயம் படிக்கலாம். தமிழ்நாடு முதலாவதைத் தூக்கி எறிந்தது, சரியாகத்தான் செய்தது. இரண்டாவதைப் பணமும் ஆசிரியரும் தந்து வளர்க்க இந்தியா முழுவதும் தவறியது. ஆனால் பொது நினைவில் நிலைத்தது முதலாவதுதான். இன்றுவரை இங்கே ‘தொழிற்கல்வி’ என்று யார் வாயெடுத்தாலும், “எங்க பிள்ளைய மட்டும் ஏன் அங்க அனுப்பப் பாக்குறீங்க?” என்ற கேள்வி எழுகிறது. அது பிற்போக்கான கேள்வி அல்ல. எழுபது ஆண்டுகளின் அரசியல் கல்வி கற்றுத்தந்த கேள்வி.

மூன்றாவது முயற்சி 1978இல் வந்தது. கோத்தாரி குழு சொன்ன 10+2 முறையைத் தமிழ்நாடு ஏற்றது. கல்லூரிகளில் இருந்த புகுமுக வகுப்பான பி.யு.சி. போய், பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் வந்தன. கூடவே தொழிற்பிரிவும் வந்தது. அலுவலக மேலாண்மை, கணக்கும் தணிக்கையும், உணவு மேலாண்மை, நெசவு, இயந்திரம், மின்சாதனம், செவிலியம், வேளாண்மை என்று விரிந்த பட்டியல். காகிதத்தில் அருமையான பட்டியல்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த பிறகு எந்த அரசு மேல்நிலைப் பள்ளியின் சேர்க்கை அறைக்கும் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். தலைமையாசிரியரின் கை முதலில் மதிப்பெண் சான்றிதழுக்குப் போகும். 450க்கு மேல் என்றால் “ஃபர்ஸ்ட் குரூப் தானே?” என்பார். 400 என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ். அதற்கும் கீழே என்றால் தேர்ட் குரூப், அதாவது வணிகவியல். மதிப்பெண் முந்நூறைத் தொடும்போது குரல் தணியும்.

“வொக்கேஷனல்ல ஒரு சீட் இருக்கும்மா. போட்டுடலாமா?”

“அதுல படிச்சா பாப்பா காலேஜ் போவ முடியுங்களா சார்?”

அந்தத் தாய் கேட்பது ஒரே ஒரு கேள்வி. இந்தத் துறையில் எழுதப்பட்ட ஆய்வுகள் அத்தனையும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் கேள்வியும் அதுதான். விதிப்படி பார்த்தால் பதில் “போகலாம்”. தொழிற்பிரிவில் தேறியவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் சேர்க்கையில் அவர்களுக்கென்று தனி இடங்கள் உண்டு. கல்லூரியில் பி.காம். சேரலாம். நடைமுறையில் அந்த வகுப்பறைக்குள் போகும் பிள்ளை, தான் எதைத் தேர்ந்தெடுத்து வந்தோம் என்று நினைத்துப் போவதில்லை. எதற்கு லாயக்கில்லை என்று சொல்லப்பட்டோம் என்று நினைத்துத்தான் போகிறது. விருப்பப் பாடம் என்ற பெயரில் மதிப்பெண் தரவரிசையின் கடைசி வரிசையை நாம் உருவாக்கி வைத்தோம். வணிகவியல் பிரிவும் இந்த வரிசையில் மூன்றாம் இடத்தில் நின்று கொஞ்சம் காயப்பட்டது. ஆனால் ஆடிட்டர் படிப்பும் பி.காம். இடங்களுக்கு நிற்கும் கூட்டமும் அதைத் தாங்கிப் பிடித்தன. தொழிற்பிரிவுக்கு அப்படித் தாங்க யாரும் இல்லை.

ஆசிரியர் நிலைமை இதைவிடக் கசப்பானது. தொடக்கத்தில் தொழிற்கல்வி ஆசிரியர்கள் பகுதிநேரமாக, குறைந்த சம்பளத்தில் எடுக்கப்பட்டார்கள். நெடுநாள் போராடித்தான் நிலையான பணி பெற்றார்கள். அவர்கள் ஓய்வு பெறப் பெற, பல பள்ளிகளில் அந்த இடங்கள் நிரப்பப்படாமல் நின்றன. ஆசிரியர் போனதும் பிரிவும் மூடப்படும். மூடிய பிறகு ‘மாணவர் ஆர்வம் காட்டவில்லை’ என்று எழுதுவது எளிது.

இது தமிழ்நாட்டின் கதை மட்டுமல்ல. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 10 சதவீதம் பேரை 1990க்குள்ளும் 25 சதவீதம் பேரை 1995க்குள்ளும் தொழிற்பாதைக்குக் கொண்டுவர இலக்கு வைத்தது. 1992இல் இலக்கு ஆண்டுகளை ஐந்தைந்து ஆண்டுகள் தள்ளி வைத்தார்கள். 2000களின் நடுவில் உலக வங்கி ஆராய்ந்தபோது, நாடு முழுவதும் சுமார் 6,800 பள்ளிகளில் தொழிற்பிரிவு இருந்தும் அதில் படித்தவர்கள் மேல்நிலை மாணவர்களில் 3 சதவீதத்துக்கும் குறைவு. இருந்த இடங்களிலேயே பாதிக்கு மேல் காலி. 2020ஆம் ஆண்டின் கொள்கை மறுபடியும் ஓர் இலக்கு வைத்தது: 2025க்குள் பாதி மாணவர்களுக்காவது தொழிற்கல்வி அறிமுகம். சதவீதத்தை உயர்த்திக்கொண்டே போவதால் சேர்க்கை அறையில் அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது.

நம் மக்கள் தாங்களாகவே விரும்பி எடுத்த வணிக விருப்பப் பாடம் ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. பள்ளிக்கு வெளியே, மாடிப்படி ஏறிப்போகும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம். கையைப் பழக்க முதல் வரி ‘யளனகபக’. ஆங்கிலத்தில் ஏ, எஸ், டி, எஃப். விரல் நுனி வலிக்க, ரிப்பன் மையின் வாசனையோடு, வரி முடிவில் மணி அடிக்க, கேரியேஜைத் தள்ளித் தள்ளி அடித்த பிள்ளைகள் லட்சக்கணக்கில் உண்டு. லோயர் தேர்வில் தேற ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 சொல், அதாவது பத்து நிமிடத்தில் 1,500 தட்டு. ஹையருக்கு 45 சொல், 2,250 தட்டு. தேர்வை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். அந்தச் சான்றிதழோடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தட்டச்சர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஃபர்ஸ்ட் குரூப் பிள்ளையும் வந்தது, தேர்ட் குரூப் பிள்ளையும் வந்தது, பத்தாவது தவறிய பிள்ளையும் வந்தது. யாரும் அதைக் கீழான படிப்பு என்று நினைக்கவில்லை. ஏனென்றால் அதற்காக வேறு எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அது எந்தக் கதவையும் மூடாமல் ஒரு கதவைக் கூடுதலாகத் திறந்தது. தமிழ்க் குடும்பங்களுக்குத் தொழில்சார் படிப்பின் மேல் மதிப்பில்லை என்று சொல்பவர்கள் அந்த மாடிப்படிகளில் நின்ற வரிசையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவும் இதே முட்டுச்சந்துக்குள் போய்த் திரும்பியது. 1917இல் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் பள்ளித் தொழிற்கல்விக்கு மத்திய அரசின் பணத்தைக் கொடுத்தது. தனிப் பாதையையும் உறுதிப்படுத்தியது. அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் அந்தப் பாதை ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒதுக்கப்படும் இடமாகத் திரிந்தது. 1985இல் ஜீனி ஓக்ஸ் எழுதிய ஆய்வு நூல், பள்ளிகள் மாணவரைத் தரம் பிரித்துத் தடம் போடுவது இனத்தையும் வர்க்கத்தையும் எப்படி ஒட்டிச் செல்கிறது என்று விரிவாகக் காட்டியது. 2006இல் மத்திய அரசின் தொழிற்கல்விச் சட்டத்தைப் புதுப்பித்தபோது ‘தொழிற்கல்வி’ என்ற பெயரையே மாற்றி ‘பணி மற்றும் தொழில்நுட்பக் கல்வி’ என்று வைத்தார்கள். பெயர் மாற்றம் பெரிய காரியமில்லை.

அங்கே பெரிய காரியம் வேறொன்று நடந்தது. 1969இல் ஃபிலடெல்ஃபியாவில் பள்ளிக்குள் ஒரு சிறு பள்ளியாகப் பணிசார் அகாடமி ஒன்று தொடங்கியது. ஒரே ஆசிரியர் குழு, ஒரே மாணவர் கூட்டம், கல்லூரிக்குத் தேவையான எல்லாப் பாடங்களும், அவற்றோடு ஒரு துறை, அந்தத் துறையில் கோடை விடுமுறைப் பணி. 1982இல் நியூயார்க்கின் புரூக்ளினில் நிதித்துறைக்கென்று இப்படி ஓர் அகாடமி வந்தது. பிறகு எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் ஒன்பது பள்ளிகளை எடுத்துக்கொண்டு, இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்த அகாடமிகளில் குலுக்கல் முறையில் இடம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. குலுக்கல் என்பதால் ‘நல்ல பிள்ளைகள்தான் அதில் சேர்ந்தார்கள்’ என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. 2008இல் வெளியான முடிவு: பள்ளி முடித்த எட்டு ஆண்டுகளில் அகாடமிப் பிள்ளைகளின் ஆண்டு வருமானம் மற்றவர்களைவிடச் சராசரியாக 11 சதவீதம் கூடுதல், குறிப்பாக ஆண்களுக்கு. மேற்படிப்பில் அவர்கள் பின்தங்கவும் இல்லை. நம் தாயின் கேள்விக்கு ஆதாரத்தோடு தரப்பட்ட பதில் என்று இதைத்தான் சொல்வேன்.

நம் நாட்டிலும் தில்லி அரசு 2019இல் தன் பள்ளிகளில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொழில்முனைவு மனப்பாங்குப் பாடத்தைக் கொண்டுவந்தது. தனிப் பிரிவு கிடையாது, எல்லாருக்கும். 2021 முதல் மேல்நிலை மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து சிறு தொழில் நடத்திப் பார்க்க ஆளுக்கு 2,000 ரூபாய் வரை விதைப்பணமும் தந்தது. எல்லாருக்கும் என்ற அந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. ‘எல்லாரும் முதலாளி ஆகலாம்’ என்ற அதன் உற்சாகத்தை மட்டும் என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் சம்பளத்துக்குத்தான் வேலை பார்க்கப்போகிறார்கள். சம்பளச் சீட்டை வாசிக்கவும், பி.எஃப். பிடித்தம் கட்டப்பட்டதா என்று பார்க்கவும், வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் படிக்கவும் தெரிவது புதுத் தொழில் தொடங்கத் தெரிவதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்போடு பணிப் பயிற்சியை இணைக்கும்போது ஓர் எச்சரிக்கை கட்டாயம் தேவை. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பதின்வயதுப் பெண்களைப் பயிற்சியாளர் என்று சேர்த்து, மூன்று ஆண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கிய வரலாறு நமக்கு உண்டு. பயிற்சி என்ற சொல் குறைந்த கூலிக்குப் போர்வையானது. ஆகவே பள்ளிப் பிள்ளை வேலையிடத்துக்குப் போகும் எந்தத் திட்டத்திலும் எத்தனை மணி நேரம், யார் பொறுப்பு, என்ன கற்றது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆசிரியர் கூடப் போக வேண்டும்.

என் தரப்பு இது. உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு 2021-22இல் 47 சதவீதத்தைத் தொட்டது. நாட்டின் சராசரி 28.4. இப்படிப்பட்ட மாநிலத்தில், பிளஸ் டூவோடு படிப்பு முடிந்துவிடும் என்று வைத்துக்கொண்டு ஒரு தொழிற்பிரிவு நடத்துவதில் பொருளில்லை. வணிகமும் கணக்கும் பணி அறிவும் எந்தக் குரூப் பிள்ளையும் எடுக்கக்கூடிய கூடுதல் பாடமாக, வாரத்தில் மூன்று நான்கு வகுப்புகளாக வர வேண்டும். அதன் மதிப்பெண் பிளஸ் டூவின் மொத்த மதிப்பெண்ணான 600இல் சேரக் கூடாது. சேர்ந்தால் அதற்கும் மறுநாளே கைடு வந்துவிடும். டைப்ரைட்டிங் போல அதற்கென்று மதிப்புள்ள தனிச் சான்றிதழ் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் டேலி பாடம் இப்போதே இருக்கிறது. உயிரியல் படிக்கும் பிள்ளை அதைத் தொடக் கூடாது என்று யார் சொன்னது? நாளை அவள் மருந்துக்கடை வைக்கலாம், மருத்துவமனைக் கணக்கைப் பார்க்கலாம். காலியாக இருக்கும் தொழிற்கல்வி ஆசிரியர் இடங்களை நிரப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்கான பாடப்பொருள் ஊரிலேயே கிடக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று மாநிலம் முழுக்கப் பரவியிருக்கின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புக்கும் கடனுக்கும் பேரேடு. யார் எவ்வளவு கட்டினார், யார் எவ்வளவு வாங்கினார், வட்டி எவ்வளவு, வங்கிக்குப் போக மீதி எவ்வளவு. கூட்டம் முடிந்த இரவு, பெரிய எழுத்து படிக்கத் தெரிந்தும் கூட்டல் போடத் தயங்கும் அம்மாக்கள் அந்தப் புத்தகங்களை மகளிடம்தான் தள்ளுகிறார்கள். அவள் தரையில் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பற்றையும் வரவையும் தனித்தனியே கூட்டி, இரண்டும் ஒத்துவரும்வரை அழித்து அழித்து எழுதுகிறாள். சேர்க்கை அறையில் மதிப்பெண் குறைவு என்று குரல் தணித்துப் பேசப்பட்ட அதே பெண் அவள். அந்தப் பேரேட்டை அவள் பள்ளிக்கு எடுத்து வந்து, ஃபர்ஸ்ட் குரூப் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் வைத்துக் காட்டிச் சொல்லித்தர, கால அட்டவணையில் இன்னும் ஒரு கட்டம் ஒதுக்கப்படவில்லை.